கமிஷன் வாங்கிய நீதிபதிகளும் காவலுக்குப் போன பிள்ளைகளும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லூசெர்ன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) இரண்டு நீதிபதிகள் தனியார் சிறார் காவல் இல்லம் கட்டியவர்களிடம் பணம் வாங்கி மாட்டிய விவகாரத்தை நாலு வரியில் தொட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் நாலு வரி போதவில்லை என்று தெரிகிறது. இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். நீதிபதி பணம் வாங்கினார் என்றால் யாரிடம், எதற்கு, எப்படி? முதலிலிருந்து சொல்லுங்கள் சார்.
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: சரி, முதலிலிருந்தே. லூசெர்ன் கவுண்டி பென்சில்வேனியாவின் வடகிழக்கில் இருக்கிறது. வில்க்ஸ்-பேரி, ஹேசில்டன், பிட்ஸ்டன் என்று சின்ன ஊர்கள், சுற்றிலும் மலை, காடு, மூடிப்போன நிலக்கரிச் சுரங்கங்களின் கழிவு மேடுகள், எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துச் சொச்சம் ஜனம். முழுக் கிராமம் என்றும் சொல்ல முடியாது, நகரம் என்று சொன்னால் நியூயார்க்காரர்கள் சிரிப்பார்கள்.

அங்கே மார்க் சியாவரெல்லா என்பவர் 1996 முதல் சிறார் வழக்குகளை விசாரித்துவந்தார். மைக்கேல் கானஹன் 2002இல் அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார், அதாவது நீதிமன்றத்தின் பட்ஜெட்டும் ஆள் நியமனமும் அவர் கைக்கு வந்தன. கவுண்டிக்குச் சொந்தமாக ஒரு பழைய சிறார் காவல் இல்லம் இருந்தது. பழுதடைந்த கட்டடம். புதிதாக ஒன்று வேண்டும் என்று சியாவரெல்லா வெகுநாளாகச் சொல்லிவந்தார், அதில் நியாயமும் இருந்தது. அந்தச் சமயத்தில் ராபர்ட் பவெல் என்ற வக்கீல், நாங்கள் தனியாரே கட்டிக்கொள்கிறோம் என்று முன்வந்தார். கட்டும் வேலை ராபர்ட் மெரிக்கிள் என்ற பெரிய கட்டுமான முதலாளிக்குப் போனது, அவர் சியாவரெல்லாவுக்குப் பழைய நண்பர்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். 2002 ஜனவரியில், புது இல்லம் திறப்பதற்கு ஒரு வருடம் முன்பே, கானஹன் நீதிமன்றத்தின் பேரில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்: பிள்ளைகளை உங்களிடமே அனுப்புவோம், வருடத்துக்கு 13,14,000 டாலர் வாடகை தருவோம் என்று. அந்த வருடக் கடைசியில் கவுண்டியின் பழைய இல்லத்துக்கு நீதிமன்றம் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தியது, பணமும் நின்றது, இல்லம் மூடப்பட்டது. 2003 ஜனவரியில் மெரிக்கிளிடமிருந்து 9,97,600 டாலர் ‘இடைத்தரகுக் கட்டணம்’ கிளம்பி, சுற்றி வளைத்து இரண்டு நீதிபதிகளையும் அடைந்தது. அடுத்த மாதம் பிட்ஸ்டன் பக்கத்தில் பிஏ சைல்டு கேர் என்ற தனியார் இல்லம் திறந்தது. 2004இல் கவுண்டி அதை 20 வருடத்துக்குக் குத்தகை எடுத்தது, தொகை 5.8 கோடி டாலர். 2005இல் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், பட்லர் கவுண்டியில், இன்னொரு இல்லம். அதற்கும் கமிஷன் வந்தது. எல்லாம் சேர்த்து 28 லட்சம் டாலர் வாங்கியதாக அரசுத் தரப்பு கணக்குக் காட்டியது. பெரும்பகுதி மெரிக்கிளிடமிருந்து, மீதி பவெலிடமிருந்து.

பணத்தை வெளுக்க ஃப்ளோரிடாவில், ஜூப்பிட்டர் என்ற கடலோர ஊரில், நீதிபதிகளின் மனைவிமார் பேரில் ஒரு கம்பெனி இருந்தது. அதன் சொத்து ஒரு அடுக்குமாடி வீடு. பவெல் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி அந்த வீட்டுக்கு வாடகை என்று எழுதப்பட்டது. ரொக்கமாகக் கொடுத்ததும் உண்டு, கூரியர் பெட்டியில் நோட்டுக் கட்டுகளை அடுக்கி நீதிமன்ற ஊழியர் ஒருவர் வழியாக.

கேள்வி: ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்போது பெற்றோர் கேட்கவில்லையா? அங்கேயும் வக்கீல் உண்டு, அரசு வக்கீல் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. ஐந்து வருடம் ஒருவர்கூடவா வாய் திறக்கவில்லை?
– ஆசிரியை ஒருவர், கோவில்பட்டி

பதில்: எனக்கும் இந்த விவகாரத்தில் பணத்தைவிட இதுதான் உறுத்துகிறது. பணம் இரண்டு பேருக்கும் அவர்கள் கூட்டாளிகளுக்கும்தான் தெரியும். நீதிமன்ற அறைக்குள் நடந்ததை ஊரே பார்த்தது.

ஒரு நாளைக்கு வரிசையாகப் பிள்ளைகள் வருவார்கள். உள்ளே போகும் முன்பே வராந்தாவில் ஒரு தாளை நீட்டி, வக்கீல் வேண்டாம் என்று பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வக்கீல் வைத்தால் நீதிபதிக்குக் கோபம் வரும், இன்னும் நாள் இழுக்கும், சின்ன விஷயம்தானே என்றெல்லாம் காதில் விழும், யாருக்கும் கையெழுத்துப் போடத்தான் தோன்றும். பிறகு உள்ளே விசாரணை, பல வழக்குகளில் இரண்டு மூன்று நிமிடம். தாயோ தகப்பனோ என்ன நடந்தது என்று புரிந்துகொள்வதற்குள் பிள்ளைக்கு விலங்கு மாட்டிப் பக்கத்துக் கதவு வழியாகக் கொண்டுபோய்விடுவார்கள். குற்றங்களும் பெரிதாக ஒன்றும் இல்லை: பள்ளி வளாகத்தில் புகைபிடித்தது, கடையில் சின்னப் பொருள் திருடியது, பள்ளிக்கு மட்டம் போட்டது. எட்டு வயதுப் பிள்ளைகூட அந்த நீதிபதி முன்னால் நின்றதாக ஒரு தீர்ப்பில் இருக்கிறது. அப்புறம் காவலில் வைத்த செலவுக்குப் பெற்றோருக்கே பில் போகும், கட்டாதவர்களின் சம்பளத்தில் பிடித்ததும் உண்டு.

அமெரிக்காவில் சிறார்களுக்கு வக்கீல் வைக்கும் உரிமை 1967இலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அரிசோனாவில் 15 வயதுப் பையன் ஒருவன் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஆபாசமாகப் போன் செய்தான் என்று வருடக்கணக்கில் அடைத்துவைக்க உத்தரவிட்ட வழக்கு அது. நாற்பது வருடம் கழித்து லூசெர்னில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வக்கீல் இல்லாமல் நின்றார்கள். மாநிலத்தின் மற்ற இடங்களில் இது நூற்றுக்கு நாலைந்துதான். சியாவரெல்லா 2002 முதல் 2006 வரை தன்னிடம் வந்தவர்களில் நான்கில் ஒருவரை வீட்டை விட்டு வெளியே அனுப்பினார், மாநில சராசரி பத்தில் ஒன்று. இந்தக் கணக்கெல்லாம் மாநிலத் தலைநகரில் உட்கார்ந்து புள்ளிவிவரம் தொகுப்பவர்களின் மேசையிலேயே கிடந்தது.

ஏன் கேட்கவில்லை? 1999இல் கொலராடோவில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்தது, அதற்குப் பிறகு ‘கண்டிப்பு’ என்றாலே கைதட்டல். சியாவரெல்லா பள்ளிகளுக்குப் போய் மாணவர்களிடமே சொல்வார், என் முன்னால் வந்தால் உள்ளேதான் போவீர்கள் என்று. பள்ளி நிர்வாகங்களுக்கு அது வசதி, தொல்லை கொடுக்கும் பையனை அனுப்பிவிட்டால் தொல்லை தீர்ந்தது. அரசு வக்கீல்களுக்கு எல்லா வழக்கிலும் வெற்றி. இலவச வக்கீல் அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை, கையெழுத்துப் போட்ட பிள்ளை அவர்கள் கணக்கில் வராது. நன்னடத்தை அதிகாரிகளின் வேலை தலைமை நீதிபதியின் தயவில். ஆளாளுக்கு ஒரு சின்னச் சௌகரியம் இருந்தது. அதோடு சிறார் விசாரணை பெரும்பாலும் மூடிய அறையில், பிள்ளையின் பெயர் கெடக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. அந்த மூடிய கதவு நீதிபதிக்குத்தான் அதிகம் உதவியது.

மாநில அரசு, சட்டமன்றம், நீதித்துறை மூன்றும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு 2010 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அந்த அறைக்குள் நின்ற வக்கீல்கள் வாய்மூடி இருந்ததை அது கடுமையாகவே கண்டித்தது. அவர்களில் யாரும் இதற்காகச் சிறைக்குப் போகவில்லை.

கேள்வி: அப்புறம் எப்படித்தான் மாட்டினார்கள்?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: இரண்டு பக்கத்திலிருந்து, ஒன்றுக்கொன்று தெரியாமல்.

2007இல் ஒரு பள்ளி மாணவி, தன் உதவித் தலைமை ஆசிரியரைக் கிண்டல் செய்து மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் போட்டாள். கீழேயே ‘இது சும்மா வேடிக்கை’ என்ற பொருளில் எழுதியும் வைத்திருந்தாள். சியாவரெல்லா மூன்று மாதம் காவல் என்றார். அவள் அம்மா வீட்டில் உட்கார்ந்து அழாமல் தொலைபேசியைக் கையில் எடுத்தார், பிலடெல்பியாவில் உள்ள ஜுவனைல் லா சென்டர் என்ற சிறார் உரிமை வக்கீல்களின் அமைப்பு கிடைத்தது. அவர்கள் சில வாரங்களில் பெண்ணை வெளியே கொண்டுவந்தார்கள், பிறகு பழைய கணக்குகளைப் புரட்ட ஆரம்பித்தார்கள். 2008இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். 2009 ஜனவரி தொடக்கத்தில் நீதிமன்றம் காரணம் சொல்லாமல் அதைத் தள்ளிவிட்டது.

அதே மாதம் 26ஆம் தேதி மத்திய அரசு வக்கீல்கள் இரண்டு நீதிபதிகள் மேலும் குற்றச்சாட்டை அறிவித்தார்கள். எஃப்.பி.ஐ. ஏற்கெனவே பவெலை மடக்கி, அவர் உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியை மாட்டி நீதிபதிகளிடம் பேசவிட்டிருந்தது. தள்ளிய மனுவை மாநில உச்ச நீதிமன்றம் அவசர அவசரமாகத் திரும்ப எடுத்தது. 2009 அக்டோபரில், 2003 முதல் 2008 மே வரை சியாவரெல்லா கொடுத்த சிறார் தீர்ப்புகள் எல்லாம் செல்லாது என்று அறிவித்தது. ஆயிரக்கணக்கான வழக்குகள். மனுவைத் தள்ளியதற்கும் திரும்ப எடுத்ததற்கும் நடுவில் இருந்த சில வாரத்துக்குள் சட்டம் ஒன்றும் மாறிவிடவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள்.

கேள்வி: மாஃபியா, மாஃபியா என்கிறார்களே, இதில் உண்மையிலேயே மாஃபியா இருந்ததா, அல்லது பத்திரிகைக்காரர்கள் மசாலா சேர்த்தார்களா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மாஃபியா இருந்தது, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

இந்தப் பகுதி நிலக்கரியால் வளர்ந்தது. கரி இருந்த இடத்தில் தொழிற்சங்கம், தொழிற்சங்கம் இருந்த இடத்தில் அதை விலைக்கு வாங்க வந்தவர்கள். 1959 ஜனவரி 22 அன்று பிட்ஸ்டன் பக்கத்தில் நாக்ஸ் என்ற கம்பெனியின் சுரங்கத்துக்குள் சஸ்குவெஹானா ஆறு புகுந்தது. ஆற்றுப்படுகைக்கு அடியில் விட்டுவைக்க வேண்டிய பாறையைச் சட்ட அளவுக்கு மீறிக் குடைந்திருந்தார்கள். 12 பேர் செத்தார்கள், உடல்கள் கிடைக்கவில்லை. தொழிலாளியைக் காக்க வேண்டிய சங்கத்தின் மண்டலத் தலைவரே அந்தக் கம்பெனியில் மறைமுகப் பங்குதாரர் என்று பிறகு தெரிந்தது. கம்பெனிக்கு மாஃபியா தொடர்பும் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் ஆழச் சுரங்கத் தொழிலே அதோடு ஏறக்குறைய முடிந்துபோனது.

அந்த வட்டாரத்து மாஃபியா குடும்பத்துக்கு ரஸல் பஃபலினோ தலைவராக இருந்தார். வில்க்ஸ்-பேரிக்கு எதிர்க்கரையில் உள்ள கிங்ஸ்டனில் சாதாரண வீட்டில் இருந்தவர், தையல் ஆலைகளிலும் லாரி சங்கத்திலும் செல்வாக்கு. 1957 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அபலாச்சின் என்ற கிராமத்தில் நாடு முழுவதிலுமிருந்து மாஃபியா தலைவர்கள் கூடி, போலீஸ் வந்ததும் காட்டுக்குள் ஓடினார்களே, அந்தக் கூட்டத்தில் இவரும் உண்டு. 1994இல் இறந்தார். அதற்குப் பிறகு தலைவர் என்று அரசு சொன்னது வில்லியம் டெலியாவை. 2006இல் டெலியாவைப் பண வெளுப்பு வழக்கில் பிடித்தார்கள், 2008இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், சாட்சியைக் கலைக்க முயன்றதையும் சேர்த்து.

கானஹனுக்கும் டெலியாவுக்கும் பழக்கம் இருந்தது, ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்குச் சந்திப்பார்கள் என்று 2009இல் ஒரு விசாரணையில் சாட்சியம் வந்தது. அந்த விசாரணை எதற்கு என்றால், உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் மேல் ஒரு தொழிலதிபர் அவதூறு வழக்குப் போட்டிருந்தார், தன்னை டெலியாவோடு சேர்த்து எழுதினார்கள் என்று. வழக்கு சியாவரெல்லாவிடம் போனது, 2006இல் ஜூரி இல்லாமல் அவரே கேட்டு 35 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார். வழக்கு அவர் கைக்குப் போன விதமே சரியில்லை என்ற புகாரைத்தான் 2009இல் விசாரித்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்து புது விசாரணைக்கு அனுப்பியது, இரண்டாவது முறை பத்திரிகை ஜெயித்தது.

ஆகவே ஈரோட்டு நண்பரே, பிள்ளைகளின் காவல் இல்ல விவகாரத்தில் டெலியா மேல் குற்றச்சாட்டே இல்லை. துப்பாக்கி இல்லை, மிரட்டல் கடிதம் இல்லை. ஒப்பந்தம், குத்தகை, வாடகைச் சீட்டு, கம்பெனிப் பதிவு, எல்லாம் காகிதத்தில் ஒழுங்காக இருந்தன. அரசு வக்கீல்கள் எடுத்த ஆயுதம்தான் சுவாரசியம்: மாஃபியாவை உடைப்பதற்காக 1970இல் கொண்டுவந்த ‘ரிக்கோ’ சட்டம். கவுண்டி நீதிமன்றத்தையே ஒரு குற்றக் கும்பல் தொழில் நடத்திய இடமாகக் காட்டி வழக்குப் போட்டார்கள். கானஹன் 2010இல் அந்தச் சதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கேள்வி: ‘நான் ஒரு பிள்ளையைக்கூடப் பணத்துக்காக உள்ளே அனுப்பவில்லை’ என்று அந்த நீதிபதி கடைசிவரை சொன்னாராமே. பொய்தானே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. தலைக்கு இவ்வளவு என்று வாங்கியதை யாரும் நிரூபிக்கவில்லை. 2011 பிப்ரவரியில் ஜூரி 39 குற்றச்சாட்டுகளில் 12இல்தான் சியாவரெல்லாவைக் குற்றவாளி என்றது. முதலில் வந்த அந்த 9,97,600 டாலர்தான் அவரைக் கவிழ்த்தது. பவெலிடம் மிரட்டிப் பணம் பறித்தார் என்ற குற்றச்சாட்டுகளை ஜூரி ஏற்கவில்லை. பிறகு 2018இல் அந்த 12இல் மூன்றை, ரிக்கோ உட்பட, காலவரம்பு பற்றி ஜூரிக்குச் சரியாக விளக்கவில்லை என்று இன்னொரு நீதிபதி நீக்கினார். ஆனால் 28 வருடத் தண்டனை அப்படியே நின்றது.

என் கணிப்பு: அவர் ஒருவேளை தன்னைத்தானே நம்பியிருப்பார். ஏற்கெனவே கண்டிப்பானவர், ஊரும் மெச்சுகிறது, இப்போது கட்டில்கள் நிறைந்தால் நண்பர்களுக்கு நல்லது, தனக்கும் நல்லது. இந்த நிலைமையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் விலை பேச வேண்டிய அவசியமே இல்லையே. கட்டடக் கமிஷன் வாங்கியதைப் பெற்றோரிடம் சொல்லாமல் அதே கட்டடத்துக்குப் பிள்ளையை அனுப்பினார், அவ்வளவு போதும்.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வாசலில் ஒரு தாய் அவரைப் பார்த்துக் கத்தினார். அவர் மகன் பதினேழு வயதில் சியாவரெல்லா முன்னால் நின்றவன், மல்யுத்த வீரன், பிறகு வாழ்க்கை தடம்புரண்டு தற்கொலை செய்துகொண்டான். பிள்ளையை அனுப்பியது பணத்துக்காகவா, கண்டிப்புக்காகவா என்ற வாதம் அந்தத் தாய்க்கு எதற்கு?

கேள்வி: இந்தக் கதையில் சிரிக்க ஏதாவது உண்டா?
– மதுரை

பதில்: வக்கீல் பவெலுக்கு ஒரு மீன்பிடிப் படகு இருந்தது. பெயர் ‘ரீல் ஜஸ்டிஸ்’, தூண்டில் ‘ரீல்’ என்றும் படிக்கலாம், ‘ரியல்’ (உண்மையான) நீதி என்றும் காதில் விழும். நீதிபதிகளுக்குக் கொடுத்த பணத்தில் கொஞ்சம், இந்தப் படகை நிறுத்துவதற்கான வாடகை என்றும் கணக்கு எழுதப்பட்டது.

கேள்வி: அங்கே நீதிபதிகளை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று படித்தேன். நம் ஊரில் நீதிபதியை நீதிபதியே நியமிப்பதால்தான் கோளாறு என்கிறார்கள். எது நல்லது?
– சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: பென்சில்வேனியாவில் கவுண்டி நீதிபதிக்குப் பத்து வருடப் பதவி, கட்சி அடையாளத்தோடு தேர்தல். பத்து வருடம் முடிந்தால் எதிராளி கிடையாது, ‘தொடரலாமா, வேண்டாமா’ என்று மட்டும் கேட்பார்கள். சியாவரெல்லாவை 2005இல், இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே, தொடரலாம் என்று மக்கள் சொன்னார்கள். பிரச்சாரத்தில் கண்டிப்பு நன்றாக விலைபோனது.

தேர்தலை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. நீதிபதிகள் மேல் வரும் புகாரை விசாரிக்க மாநிலத்தில் தனி வாரியம் இருந்தது, அது நியமன வாரியம்தான். 2006இல் கானஹன் மேல் விவரமான ஒரு மொட்டைக் கடிதம் அந்த வாரியத்துக்குப் போனது, டெலியா பழக்கம் உட்பட. வாரியம் அதைக் கிடப்பில் போட்டது. அதே சமயத்தில், அதே கவுண்டியில் ஆன் லோகூட்டா என்ற பெண் நீதிபதி ஊழியர்களிடம் மோசமாக நடந்துகொண்டார் என்ற புகாரில் வாரியம் சுறுசுறுப்பாக இறங்கியது. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் கானஹனும் ஒருவர். லோகூட்டா எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்துவந்தவர். 2008இல் பதவி போனது, பிறகு மேல்முறையீட்டிலும் அது மாறவில்லை. அவர் மேலிருந்த புகார்கள் சரியாகவே இருக்கலாம், ஆனால் எந்தக் கடிதத்துக்கு வாரியம் எழுந்தது, எந்தக் கடிதத்துக்குத் தூங்கியது என்று பாருங்கள். நியமனமா தேர்தலா என்று பட்டிமன்றம் வைப்பதைவிட இதைத் தோண்டுவது உங்களுக்கு நல்ல ஆய்வுத் தலைப்பாகும்.

கேள்வி: இது லூசெர்னில் மட்டும்தானா? பெரிய நகரத்தில் இப்படி நடக்காதா?
– வாசகர், சேலம்

பதில்: நகரத்திலும் நடக்கும். சின்னக் கவுண்டியில் வசதி என்னவென்றால் ஆட்கள் குறைவு. நீதிபதி, ஷெரிப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்), அரசு வக்கீல், பள்ளித் தலைமை, ஒப்பந்தக்காரர் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், பாதிப்பேர் உறவு.

அலபாமாவில் ரஸல் கவுண்டியின் ஃபீனிக்ஸ் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ராணுவ முகாம், இந்தப் பக்கம் சூதாட்டமும் விபச்சாரமும், சம்பள நாளில் சிப்பாய்களின் பாக்கெட் காலி. உள்ளூர்ப் போலீசும் நீதிமன்றமும் அந்தக் கும்பலின் கையில். அதைத் துடைப்பேன் என்று சொல்லி மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்குக் கட்சி வேட்பாளராக வென்ற ஆல்பர்ட் பேட்டர்சனை 1954 ஜூன் 18 அன்று அவர் அலுவலகத்துக்கு வெளியே சுட்டுக் கொன்றார்கள். ஆளுநர் தேசியக் காவல் படையை அனுப்பி ஊரையே கையில் எடுக்க வேண்டியிருந்தது. ஷெரிப்பின் முதன்மை உதவியாளர் கொலைக் குற்றவாளி ஆனார், அந்த வட்டார அரசு வக்கீல் மேலும் வழக்கு வந்தது, ஜூரி அவரை விடுவித்தது.

கென்டக்கியில் கிளே கவுண்டி என்ற மலைப்பகுதியில் வட்டார நீதிபதி, பள்ளிக் கண்காணிப்பாளர் உட்பட 8 பேரை 2010இல் அதே ரிக்கோ சட்டத்தில் தண்டித்தார்கள். விஷயம்? ஓட்டுக்குப் பணம். சிரிக்காதீர்கள். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியங்களில் பிழை என்று தீர்ப்பை ரத்து செய்தது, அப்புறம் பலர் தாங்களாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

லூசெர்னிலும் இரண்டு பேரோடு முடியவில்லை. மைக்கேல் டூல் என்ற மூன்றாவது நீதிபதி வேறு விவகாரத்தில் சிறைக்குப் போனார். கவுண்டி ஆணையர், பள்ளி வாரிய உறுப்பினர்கள் என்று முப்பது பேருக்கு மேல் மத்திய அரசின் வலையில் விழுந்தார்கள். 2010இல் மக்கள் ஓட்டுப் போட்டு மூன்று ஆணையர்கள் ஆளும் பழைய முறையையே ஒழித்தார்கள், 2012 முதல் 11 பேர் கொண்ட கவுன்சில்.

கேள்வி: பைடன் அந்த நீதிபதியை மன்னித்துவிட்டாராமே! வெட்கமாக இல்லையா?
– வாசகர், ஓசூர்

பதில்: மன்னிக்கவில்லை, தண்டனையை முடித்துவைத்தார். குற்றம் அப்படியே இருக்கிறது. கானஹனுக்கு 2011இல் பதினேழரை வருடம் கொடுத்தார்கள். 2020இல் கொரோனாவை முன்னிட்டு ஃப்ளோரிடாவில் வீட்டுக் காவலுக்கு அனுப்பினார்கள். 2024 டிசம்பரில் பைடன் அப்படி வீட்டுக் காவலில் இருந்த ஏறக்குறைய 1,500 பேரின் தண்டனையை மொத்தமாகக் குறைத்தார், அந்தப் பட்டியலில் இவரும் வந்துவிட்டார். பெயர் பெயராகப் பார்த்திருந்தால் நிச்சயம் யாராவது பேனாவை நிறுத்தியிருப்பார்கள். பென்சில்வேனியா ஆளுநர் ஜாஷ் ஷபிரோ, பைடனின் சொந்தக் கட்சிக்காரர், இது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 2009இல் முதலில் போட்ட ஒப்பந்தப்படி இரண்டு பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு 87 மாதத்தில், அதாவது ஏழே கால் வருடத்தில் தப்பியிருக்கலாம். எட்வின் கோசிக் என்ற மத்திய நீதிபதி, இவர்கள் வருத்தமே காட்டவில்லை என்று அதைத் தூக்கி எறிந்தார். அந்த ஒரு மறுப்பால்தான் பதினேழரையும் இருபத்தெட்டும் வந்தன. பணம் கொடுத்தவர்களுக்கோ, பவெலுக்கு 18 மாதம், மெரிக்கிளுக்கு ஒரு வருடம். குற்றம் நடந்ததை மறைத்தார்கள் என்ற அளவில்தான் அவர்கள் மேல் வழக்கு.

கேள்வி: பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பணமாவது கிடைத்ததா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: கொஞ்சம் கிடைத்தது, நீதிபதிகளிடமிருந்து இல்லை. அமெரிக்கச் சட்டப்படி நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து செய்த காரியத்துக்காக அவர் மேல் நஷ்டஈடு கேட்க முடியாது, தீர்ப்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும். நாற்காலியை விட்டு இறங்கிச் செய்த ஒப்பந்தம், கமிஷன் இவற்றுக்குத்தான் கேட்கலாம். அந்த நூலைப் பிடித்து வக்கீல்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். மெரிக்கிள் 1.775 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார், பவெலும் இல்லத்தை நடத்திய கம்பெனிகளும் அதைவிடக் குறைவாக.

நீதிபதிகள் மேல் நடந்த சிவில் வழக்கில் 2022 ஆகஸ்டில் கிறிஸ்டோபர் கானர் என்ற மத்திய நீதிபதி 20.6 கோடி டாலர் கொடுக்க உத்தரவிட்டார். இருநூற்று எண்பது பேருக்கு மேல் சாட்சி சொன்னார்கள், இப்போது எல்லாரும் பெரியவர்கள். அவர்களில் 79 பேர் தண்டிக்கப்பட்டபோது பதின்மூன்று வயதுகூட ஆகாதவர்கள். காவலில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஆயிரம் டாலர் என்ற அடிப்படையில் நஷ்டஈட்டைக் கணக்கிட்டு, அதற்கு மேல் 10 கோடி டாலரைத் தண்டனைத் தொகையாகச் சேர்த்தார். கானஹனும் சியாவரெல்லாவும் இந்த விசாரணையில் வாதாடவே இல்லை, அவ்வளவு பணமும் அவர்களிடம் இல்லை. வசூலாகும் என்ற நம்பிக்கையில் யாரும் அந்தச் சாட்சிக் கூண்டில் ஏறியதாகத் தெரியவில்லை. முன்பு இரண்டு நிமிடத்தில் அனுப்பப்பட்டவர்களுக்கு இந்த முறை நீதிபதி முன்னால் முழுதாகப் பேச நேரம் கொடுத்தார்கள்.